முகம் போட்ட சவுக்காரம்

அதை வெறுங்கையில எடுக்காதீங்க தம்பி. அந்தப் பேப்பரோடயே கீழ வைங்க. நாப்பது வருசம் ஆச்சு, இனி அதுல காரம் ஒண்ணும் இருக்காது, எனக்குத் தெரியும். இருந்தாலும் வைங்க.

உக்காருங்க. அந்தச் சேர் வேண்டாம், அதுக்கு ஒரு காலு ஆடும். இதுல உக்காருங்க.

எங்க புடிச்சீங்க இதை? வாத்தியார் ஊட்டுப் பரண்லயா. இருக்கும், இருக்கும். அந்தம்மா எதையும் வெளிய வீசாது. எங்கூர்ல நாலாயிரம் கட்டி குடுத்தது, எல்லாம் சாக்கடைக்குப் போச்சு. ஒண்ணே ஒண்ணு உங்க கைக்கு வந்திருக்குது பாருங்க.

மத்ததெல்லாம் என்ன, காட்டுங்க. எலெக்சனுக்குக் குடுத்த சாமானா. இது விசிறி. இது சட்டையில குத்துற தகரப் பேட்ஜு. இது என்னங்க, பொட்டு அட்டை? அட, பொட்டுக்கு நடுவுல சின்னத்தைப் போட்டிருக்கான் பாருங்க. பொம்பளைக நெத்தியிலயே ஓட்டுக் கேட்டிருக்கானுக. விசில் எந்த ஊர்து? ஊதி ஊதிக் காதைக் கெடுத்திருப்பாங்க. இந்தச் சீப்பு எனக்குத் தெரியும். இது எங்கூர்து. பாத்திரக்கடை உத்தண்டராசு குடுத்தது. வழுக்கை மண்டைக்காரன் ஊட்டுக்கெல்லாம் சீப்பைக் குடுத்து, அதுக்கு ஒரு சண்டை வந்துச்சு. அதுவும் அந்த எலெக்சன்தான். எண்பத்தாறு. டவுன் பஞ்சாயத்துத் தலைவருக்கு நின்னாங்க. சீப்பு அவன். சவுக்காரம் இவன்.

இவன்தான் சென்னியப்பன். ரைஸ்மில் சென்னியப்பன்னு சொல்லோணும். அழிஞ்சு போயிருக்குது, ஆனாலும் அந்த மூக்கைப் பாருங்க. அந்த மூக்கை அழுத்துனது நான். இந்தப் பக்கம் திருப்புனா பூட்டு இருக்கும், அவன் சின்னம். மைக் கட்டுன கார்ல சொல்லீட்டுப் போவாங்க, "சென்னியப்பனுக்குப் போடு ஓட்டு, ஊரு அழுக்கை ஓட்டு"ன்னு. நல்லாத்தான் இருந்துச்சு கேக்கறதுக்கு. யாரோ எழுதிக் குடுத்தது.

யாரு சொல்லி வந்தீங்க எங்கிட்ட? சரி, யாரோ சொல்லட்டும். நான் யாருக்கும் பயந்துட்டு இல்லை. இத்தனை வருசம் சொல்லலை, யாரும் கேக்கலை, அதனால சொல்லலை. அவனும் போயிட்டான். சவுக்காரப் பட்டறை கொழந்தவேலும் போயிட்டாரு. இனி என்னைய வந்து யாரு என்ன பண்ணப் போறாங்க.

எனக்கு ஒரு தங்கச்சிங்க. பூவாத்தா. எனக்கும் அவளுக்கும் நாலு வருசம் வித்தியாசம். அப்பன் ஆத்தா இல்லை, நாந்தான் வளத்தினேன். எனக்குக் கண்ணாலம் ஆனதுக்கப்பறமும் பக்கத்துச் சந்துலயே ஒரு ரூம் புடிச்சுக் குடுத்து வெச்சிருந்தேன். பத்தொம்பது வயசுல அவ ரைஸ்மில் களத்துல வேலைக்குப் போனா. நெல்லைக் காய வெச்சுக் கிளர்றது, கூட்டறது, அந்த வேலை. சென்னியப்பன் மில்லு.

அப்ப எங்கூட்டுக்காரருக்குத் தறி நின்னு போச்சு. நான் மூத்தவளை வயித்துல வெச்சிருக்கேன், ஆறு மாசம். ஊட்டுல ஒண்ணும் இல்லை. மில்லுல வேலை செய்யறவங்க எல்லாருந்தான் ஊட்டுக்குக் கொண்டார்ற தவிட்டு மூட்டையில ரெண்டு புடி அரிசி போட்டுட்டு வருவாங்க. ஊருக்கே தெரியும். நாந்தான் அவகிட்டச் சொன்னேன், "நீயும் ஒரு ரெண்டு படி கொண்டா புள்ளே, எல்லாரும் கொண்டாரலையா"ன்னு. அவ மாட்டேன்னா. நான் ரெண்டு நாள் அவகோட பேசலை. அப்பறம் கொண்டாந்தா. ரெண்டு மூணு தடவை கொண்டாந்தா. அதுக்கென்ன இப்ப? சொத்தா போயிருச்சு அவனுக்கு? ஆயிரம் மூட்டை அடுக்கி வெச்சிருந்தான்.

ஒரு நாள் பொழுதோட வாசல்ல எல்லாரு மூட்டையும் பிரிச்சுப் பாத்திருக்கான். இவ மூட்டையில சிக்கிருச்சு. மத்தவளுக எல்லாம் எப்படியோ தெரிஞ்சுட்டுக் கொட்டிப் போட்டாளுக. இவளுக்குச் சூது தெரியாது.

என்ன பண்ணுனான் தெரியுமுங்களா. அந்தத் தவிட்டு மூட்டையத் தலையில வெச்சு, மில்லு வாசல்ல, ரோட்டைப் பாத்து நிக்க வெச்சான். அன்னிக்குச் சந்தை. சந்தைக்குப் போற சனம் பூராம் அந்த வழிதான். "பாத்துட்டுப் போங்க, இதுதான் அரிசி திருடி"ன்னு சொல்லச் சொல்லி ஒருத்தனை நிறுத்தீட்டான். ரெண்டு மணி நேரம். கை வலிச்சு மூட்டை எறங்குனா, மறுபடி தூக்கி வெக்கறது.

எனக்கு ஆள் வந்து சொன்னாங்க. நான் போகலை. வயித்துப் புள்ளக்காரி அந்த வெய்யல்ல எப்படிப் போறது. போயிருந்தாலும் என்ன சொல்றது. "யாருக்காக எடுத்தே"ன்னு கேட்டுக் கேட்டுப் பாத்தானாம். அவ வாயே தெறக்கலையாம். அதைக் கேட்டதும் எனக்கு மனசு ஆறுச்சு. புத்திசாலிப் புள்ளை.

அவளுக்கு ஒரு மாப்பிள்ளை பேசி வெச்சிருந்துது. பெருந்துறைப் பக்கம், சைக்கிள் கடை. அடுத்த வாரமே ஆளு வந்து, "வேண்டாமுங்க, சரிப்படாது"ன்னு சொல்லிப்போட்டுப் போயிட்டாங்க. அதுக்கப்பறம் அவளுக்குக் கண்ணாலமே இல்லை. கேட்டு வந்ததுக்கும் அவ மாட்டேன்னுட்டா. ஆஸ்பத்திரி நர்சுக குவார்ட்டர்ஸ்ல துணி துவைக்கற வேலைக்குப் போனா. வெள்ளைச் சேலை, பெட்சீட்டு. நாலு வருசம் அந்த வேலைதான்.

நாலு வருசமா நான் ஒரே ஒரு நெனப்புல இருந்தேனுங்க. அவன் நிக்கோணும். ஊரு பாக்க, ரோட்டைப் பாத்து, அவன் நிக்கோணும். சோறு திங்கறப்பவும் அதே நெனப்பு. புள்ளைக்குப் பாலு குடுக்கறப்பவும் அதே நெனப்பு.

நான் அப்பக் கொழந்தவேலு சவுக்காரப் பட்டறையில இருந்தேன். பெரிய கம்பெனி இல்லைங்க, ஒரு ஓட்டுக் கொட்டாயி, பத்துப் பொம்பளைக. எண்ணையக் காச்சி, காஸ்டிக் தண்ணியக் கலந்து, கெட்டியாகற வரைக்கும் துடுப்புப் போட்டுக் கிண்டி, தட்டத்துல ஊத்தி, அடுத்த நாள் கம்பியில அறுத்து, ஈரமா இருக்கறப்பவே அச்சை வெச்சு அழுத்தறது. கலக்கறது நானு. காஸ்டிக் அளவு தெரிஞ்சது எனக்கும் கொழந்தவேலுக்கும்தான். கொறஞ்சா சவுக்காரம் கொழகொழன்னு இருக்கும். கூடிப் போனாக் கையத் தின்னுரும். சந்தேகம்னா ஒரு துளி நாக்குல வெச்சுப் பாப்பேன். சுருக்குன்னா காரம் அதிகம்.

ஒரு நாள் கொழந்தவேலு வந்து, "துளசிமணி, பெரிய ஆர்டரு. நாலாயிரம் கட்டி. சென்னியப்பன் மூஞ்சி போட்டு"ங்கறாரு. நான் துடுப்பைக் கீழ வெச்சேன். அவருக்கு எங்கதை தெரியுமுங்க. தெரிஞ்சும், "பழசையெல்லாம் மனசுல வெச்சுக்காத ஆத்தா, பத்துப் பேருக்குச் சோறு"ன்னாரு. நல்ல மனுசன். நான் சரிங்கன்னுட்டேன்.

அச்சு கோயமுத்தூர்ல செஞ்சு வந்துது. அது வந்த அன்னிக்கு அவனே பாக்க வந்தான். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. முதல் கட்டிய நான் அழுத்தி எடுக்கறேன், குனிஞ்சு நின்னு பாக்கறான். என்னையத் தெரியலை அவனுக்கு. "அம்மிணி, மூக்கு கொஞ்சம் சப்பையா வருதே. இன்னொருக்கா அழுத்திப் பாரு"ங்கறான்.

"அழுத்தறேனுங்க"ன்னேன்.

அழுத்துனேன். "இப்பச் சரியா இருக்குதுங்களா"ன்னு கேட்டேன்.

"ஆங், இது நாந்தான்"னு சிரிச்சான். மீசையத் தடவிக்கிட்டு, "இது எல்லா ஊட்டுலயும் போயி உக்காரோணும் அம்மிணி. பொம்பளைக தெனமும் என்னையக் கையில எடுக்கோணும்"னான். கூட வந்தவனுக எல்லாம் சிரிச்சானுக. நானும் சிரிச்சேன். அப்பத்தான் எனக்கு வழி தெரிஞ்சுது.

முதல் ஈடு ஒழுங்காத்தான் கலக்குனேன். கொழந்தவேலு அதுல ஒண்ணைத் துவைச்சுப் பாத்துட்டு, "நல்லா நொரைக்குது, இதே பக்குவம்"னுட்டு எண்ணை வாங்கப் போயிட்டாரு. அதுக்கப்பறம் நான் போட்டதுதானுங்க அளவு. ஒண்ணுக்கு ஒண்ணேமுக்கா. பகல்லயே, பத்துப் பேரு முன்னால. யாருக்குத் தெரியும். அவங்களுக்கெல்லாம் அறுக்கறதும் அடுக்கறதும்தான் வேலை. நாக்குல வெச்சுப் பாத்தேன். நாக்கு ரெண்டு நாளைக்கு உப்புக் காரம் தெரியாமப் போச்சு.

காயப் போட்டதும் கட்டி மேல வெள்ளையா மாவு மாதிரி பூத்துச்சு. அவன் மூஞ்சியில திருநீறு பூசுன மாதிரி. கொழந்தவேலு பாத்துட்டு, "என்ன துளசிமணி இது"ன்னாரு. "பனிக்காலமுங்க, தொடைச்சாப் போயிரும்"னேன். பத்துப் பேருமா உக்காந்து துணிய வெச்சு அவன் மூஞ்சியத் தொடைச்சோம். நாலாயிரம் மூஞ்சி.

பூவாத்தாகிட்ட நான் ஒண்ணும் சொல்லலைங்க. சொல்ல வேண்டிய அவசியமே இல்லையே. அந்தாளு சாமானை அவ தொடுவாளா? முன்னாடியே சொல்லியும் வெச்சிருந்தேன், "அவனுக ஓட்டுக் கேட்டு வந்தாக் கதவைச் சாத்திக்கோ"ன்னு. "சரிக்கா"ன்னா. அதுக்கு மேல ஒரு மனுசி என்ன பண்ண முடியும்?

ஓட்டுக்கு ஒரு வாரம் இருக்கறப்பக் குடுத்தாங்க. ஊட்டுக்கு ரெண்டு கட்டி. மாட்டு வண்டியில அடுக்கி, பூ மாலையெல்லாம் போட்டு, மைக்குல பாட்டோட. பொம்பளைக வாசல்ல நின்னு சேலை முந்தானியில வாங்கிக்கிட்டாளுக. ரெண்டாம் நாளே ஆரம்பிச்சிருச்சு. ஒருத்திக்கு உள்ளங்கை செவந்து போச்சு, ஒருத்திக்கு விரல் இடுக்குல தோலு உரிஞ்சுது. இன்னொருத்தி புதுச் சேலை சாயம் போயி ஓட்டையும் விழுந்துருச்சுன்னு அழுதா. ஒரு கைக்கொழந்தைக்குத் துணி பட்டு அரைஞாண்கயித்துப் பக்கம் புண்ணாயிருச்சு. அது ஒண்ணுதான் கொஞ்சம் சங்கடம். மத்ததெல்லாம் ரெண்டு நாள் எரிச்சலுங்க. தேங்காயெண்ணை போட்டாப் போயிரும். பட்டறையில நாங்க தெனம் பட்டதுதான அது, எங்களுக்கு எந்த ஊரு பரிஞ்சு பேசுச்சு.

சனிக்கெழமை காத்தால பொம்பளைக எல்லாம் கூட்டமாச் சேந்து அவன் ஊட்டுக்குப் போனாளுக. நானும் போனேன். போகாம இருப்பனா. கையில கெடைச்ச கட்டியெல்லாம் அவன் வாசல்ல வீசி எறிஞ்சாளுக. அவன் வெளிய வந்தான். "யாரோ எதிர்க்கட்சிக்காரன் பொரளி கெளப்பறான். எஞ்சவுக்காரத்துல ஒண்ணுமில்லை. இப்பப் பாருங்க"ன்னு சொல்லி, கீழ கெடந்த ஒரு கட்டிய எடுத்துட்டு நேரா ரோட்டுக் கொழாய்க்கு வந்தான்.

கைய நனைச்சான். போட்டான். தேய்ச்சான். சனம் பூராம் சுத்தி நிக்குது. ரோட்டைப் பாத்து நிக்கறான் தம்பி, சந்தை ரோட்டைப் பாத்து. "எங்க எரியுது? எனக்கு எரியலையே"ன்னு சொல்லீட்டே தேய்க்கறான். கூட்டத்துல எவளோ, "இன்னும் தேய்ங்க, எங்களுக்குத் துவைக்கறதுக்கு ஒரு மணி நேரம் ஆகுது"ன்னா. தேய்ச்சான். நெத்தியில வேர்வை வருது. கண்ணு கலங்குது. கைய எடுக்க முடியலை, எடுத்தா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிரும். அரை மணி நேரம் நின்னான். நான் முன்னால போயி நின்னு பாத்தேன். அவன் என்னையப் பாத்தான். அப்பவும் அவனுக்கு என்னையத் தெரியலை. அது ஒண்ணுதான் எனக்குக் கொறை.

சாயங்காலம் கை வீங்கிப் போயி, கடைசி நாளு ஓட்டுக் கேக்கறப்பக் கும்புடக்கூட முடியலை அவனுக்கு. துணியச் சுத்தீட்டு, கையத் தொங்கப் போட்டுட்டுப் போனான். தலைவருக்கு நிக்கறவன் கும்புடாமப் போனா எவன் ஓட்டுப் போடுவான். நானூத்திச் சொச்சத்துல தோத்தான். சீப்புக்காரன் ஜெயிச்சான். அவன் ஒண்ணும் பண்ணலை, அது வேற.

அன்னிக்குக் கொழாயடியில இருந்து நேரா நான் எங்க போனேன்னு நெனைக்கறீங்க. பூவாத்தாகிட்டத்தான். அவளுக்குச் சொல்லோணும்னு கால் தரையில பாவலைங்க எனக்கு. "நின்னான்டி, உன்னைய நிக்க வெச்ச மாதிரியே நின்னான்"னு சொல்லோணும். போற வழியெல்லாம் அதையே சொல்லிச் சொல்லிப் பாத்துட்டுப் போறேன்.

கதவு ஒருக்களிச்சிருந்துது. உள்ள உக்காந்திருக்கா. முன்னால ஒரு குண்டாவுல மோரு. ரெண்டு கையும் அதுக்குள்ள.

"என்னாச்சு"ன்னேன்.

"ஒண்ணுமில்லைக்கா. எரியுது"ன்னா.

கைய எடுத்துக் காட்டச் சொன்னேன். காட்ட மாட்டேன்னா. நானே புடிச்சுத் தூக்குனேன். வலது கையில தோலே இல்லைங்க. விரலெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக் கெடக்குது.

"அவன் சவுக்காரமா"ன்னேன். கைய இழுத்துக்கிட்டா. "எப்படிடி வந்துது உங்கிட்ட? கதவைச் சாத்துன்னு சொன்னனா இல்லையா?"

"அவரு வந்தாருக்கா."

அவரு. கேட்டுக்குங்க, அவருன்னா.

"போன வாரம். ஒத்தையாத்தான் வந்தாரு, ஆளுக யாரும் இல்லை. வாசல்ல நின்னுட்டே பேசுனாரு. 'அன்னிக்கு உன்னைய நிக்க வெச்சது தப்பு அம்மிணி. ரெண்டு படி அரிசிக்கு ஒரு புள்ளைய அப்படிப் பண்ணியிருக்கக் கூடாது. எம்பொண்ணுக்கு இப்ப உன்ற வயசு'ன்னாரு. கையெடுத்துக் கும்புட்டாரு."

"ஓட்டுக்கு வந்திருக்கான் நாயி."

"ஓட்டுக் கேக்கலைக்கா."

"கேக்காமக் கேக்கறதுதான்டி அவனுக தந்திரம். நீ என்ன சொன்னே?"

"சரிங்கன்னேன்."

"அவ்வளவுதானா? நாலு கேள்வி கேக்கலையா? மூஞ்சியில துப்பலையா?"

"போகறப்ப ரெண்டு கட்டி குடுத்தாரு. வாங்கிக்கிட்டேன். எங்கிட்டச் சவுக்காரம் தீந்து போச்சு. பெட்சீட்டு நெறையாக் கெடந்துது. ரெண்டு நாளாத் துவைச்சேன். எரிஞ்சுது, சரி முடிச்சுரலாம்னு துவைச்சேன்."

எனக்கு வந்த கோவத்தைக் கேக்காதீங்க. நாலு வருசம் நான் யாருக்காக மனசுல நெருப்பு வெச்சுட்டுத் திரிஞ்சேன். இவ ஒரு கும்புடுக்கும் ரெண்டு கட்டிக்கும் அதை அவிச்சுப்போட்டு உக்காந்திருக்கா. "எங்கிட்ட ஏன் சொல்லலை"ன்னு கேட்டா, "சொன்னா நீ கத்துவே"ங்கறா.

அப்பறம் மோரையே பாத்துட்டு, "அக்கா, அங்க கலக்கறது நீதான"ன்னு கேட்டா.

"ஆமா"ன்னேன்.

கைய மறுபடியும் மோருக்குள்ள விட்டுக்கிட்டா.

நான் அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டீட்டுப் போனனுங்க. போகலைன்னு யாரும் சொல்ல முடியாது. ஆனாப் புண்ணுல சீழ் வெச்சிருச்சு. மூணு மாசம் கட்டுப் போட்டாங்க. ஆறுனதுக்கப்பறம் வலது கையில மூணு விரலு மடங்குனது மடங்குனபடியே நின்னு போச்சு. துவைக்கற வேலை போச்சு.

கேஸும் வந்துது. கொழந்தவேலைக் கூட்டீட்டுப் போயி நாலு நாளு ஸ்டேசன்ல உக்கார வெச்சாங்க. கேட்டதுக்கு, "எம்பட பட்டறை, எம்பட பொறுப்பு"ன்னாராம், வேற பேச்சுப் பேசலையாம். எம்பேரு அவரு வாயில வரவே இல்லை. பட்டறைய மூடியாச்சு. மத்த ஒம்பது பேரும் காட்டு வேலைக்கும் மில்லு வேலைக்கும் போயிட்டாங்க. சென்னியப்பன் ஆளுகளும் சும்மா இருக்கலை, யாரு கலந்ததுன்னு துருவீட்டு இருந்தானுக. ஊருலயே அதிகமா வெந்தது இவ கைதான. ஏட்டு இவகிட்ட வந்து, "எந்தச் சவுக்காரம்மா, உங்கக்கா அங்கதான வேலை செய்யுது, அது ஏதாச்சும் சொல்லுச்சா"ன்னு கேட்டிருக்காரு.

இவ என்ன சொன்னா தெரியுமுங்களா. "சவுக்காரம் இல்லைங்க, ஆஸ்பத்திரிப் பிளீச்சிங் பவுடரு கையில பட்டுருச்சு"ன்னுட்டா. எழுதிக் கைநாட்டும் வெச்சுட்டா. இடது கையில.

கேஸு அதோட நின்னு போச்சு. நல்லதுதான். எனக்கு ரெண்டு சின்னப் புள்ளைக. ஆனா அதுக்கப்பறம் அவன் ஆளுக, "பாத்தீங்களா, சவுக்காரத்துல ஒண்ணுமில்லை, அந்தப் புள்ளையே எழுதிக் குடுத்திருச்சு"ன்னு பேச ஆரம்பிச்சுட்டானுக. ஓட்டு முடிஞ்சிருச்சு, ஆனாலும் அவன் பேருல பாதி அழுக்குப் போயிருச்சு. அது எனக்கு ஆறவே இல்லைங்க. வேற ஏதாச்சும் சொல்லியிருக்கலாம். சவுக்காரந்தான், யாரு கலந்தாங்கன்னு தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்.

அதையாச்சும் பொறுத்துக்கலாம். அதுக்கப்பறம் செஞ்சாளே ஒண்ணு.

ஆறு மாசம் கழிச்சுச் சென்னியப்பன் அவளுக்குச் சொல்லி விட்டான், மில்லுக்கு வரச் சொல்லி. நெல்லு அரைக்க வர்றவங்களுக்கு வரிசைக்கு டோக்கன் குடுக்கற வேலை. இடது கையிலயே குடுக்கலாம். இவ போனா தம்பி. எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலை. எந்த வாசல்ல மூட்டைய வெச்சு நிக்க வெச்சானோ அதே வாசல்ல சேரு போட்டு உக்காந்துட்டா. நிழலுக்குத் தகரம் வேற அடிச்சுக் குடுத்தான். இருவத்திரெண்டு வருசம் அந்தச் சேருல உக்காந்தா. அவன் செத்தப்ப, சுடுகாடு வரைக்கும் போகாட்டியும், தெரு முக்கு வரைக்கும் நடந்து போனாளாம்.

அவ மில்லுக்குப் போன அன்னிக்கு நிறுத்துனதுதானுங்க பேச்சை. அவளைப் பழி வாங்கறதுக்கு எனக்குக் காஸ்டிக் தேவைப்படலை. பேசாம இருந்தாப் போதும். மில்லு வழியாத்தான் நான் காய்கறிக்குப் போகோணும். தெனமும், "அக்கா"ம்பா. நான் ரோட்டைப் பாத்துட்டுப் போயிருவேன். "அக்கா, வெய்யலா இருக்குது, கொடை கொண்டு போ"ம்பா. திரும்ப மாட்டேன். என் மூத்தவ கண்ணாலத்துக்கு அவளுக்குப் பத்திரிக்கை வெக்கலை. எங்கூட்டுக்காரரு சாவுக்கு வந்து வெளிய நின்னா, நான் உள்ள வான்னு சொல்லலை. எம்புள்ளைக திருட்டுத்தனமாப் போயி அவளைப் பாத்துட்டு வருவாங்க, தெரியும், கண்டுக்கறதில்லை. சென்னியப்பனை நான் அரை மணி நேரந்தான் நிக்க வெச்சேன். இவளை நாப்பது வருசமா நிக்க வெச்சிருக்கேன். எனக்கு அவ பண்ணுனதுக்கு அதுவே கம்மி.

என்ன அப்படிப் பாக்கறீங்க. டீ ஆறுது, குடிங்க.

போன வருசம் நான் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சு போச்சு. ஈரோட்டுல கொண்டு போயிச் சேத்துனாங்க. பையனுக்கு வேலை, மருமவளுக்குப் புள்ளைக பரிச்சை. பகல்ல நான் ஒத்தையாத்தான் கெடந்தேன். ரெண்டாம் நாள் வாசப்படியில செருப்புச் சத்தம். திரும்பாமயே தெரிஞ்சுது எனக்கு. கண்ணை மூடிக்கிட்டேன்.

பஸ் ஏறி வந்திருக்கா, அறுவத்திமூணு வயசுல, கேரியரை எடுத்துட்டு. ஸ்டூலை இழுத்துப் போட்டு உக்காந்தா. "அக்கா"ன்னா. நான் தூங்கறேன். கேரியரைத் தெறக்கப் பாக்கறா. அந்தக் கொக்கி அவ கைக்கு வராது. மடங்குன விரலை வெச்சு அமுத்தறா, நழுவுது. மடியில வெச்சு முழங்கையால புடிச்சுட்டு இடது கையில இழுக்கறா, தகரம் கிரீச்சுங்குது. எனக்குக் கேக்குதுங்க எல்லாம். கண்ணைத் தெறந்து நான் ஒரு கைய நீட்டியிருந்தாப் போதும், எனக்கு இடுப்புலதான அடி, கையில ஒண்ணுமில்லையே. நீட்டலை. அவன் குடுத்த சேருல உக்காந்து திங்கக் கத்துக்கிட்ட கைதான அது. கடைசியில நர்சம்மா வந்துதான் தெறந்து குடுத்துது. அவ ஒரு மணி நேரம் உக்காந்திருந்துட்டுப் போயிட்டா. அவ போனதுக்கப்பறம் கண்ணைத் தெறந்து சாப்பிட்டேன். பசிக்குமில்லைங்க.

ஆறு நாள் வந்தா. ஆறு நாளும் நான் கண்ணை மூடீட்டுத்தான் கெடந்தேன். ஆறு நாளும் அந்தக் கொக்கிச் சத்தம்.

கடைசி நாளு நர்சம்மா கேட்டுது, "பாட்டி எப்பப் பாத்தாலும் தூங்குதே, நீங்க இருக்கறதே அதுக்குத் தெரியாதேம்மா, எழுப்பட்டுமா"ன்னு.

பூவாத்தா சொல்றா, "வேண்டாமுங்க சிஸ்டர். எங்கக்கா தூங்கலை. சின்னதுல இருந்தே அப்படித்தான். எதாச்சும் தப்புப் பண்ணிப்போட்டான்னா இப்படித்தான் கண்ணை மூடிப் படுத்துக்குவா. தானா எந்திரிக்கட்டும்"னு.

நர்சம்மா சிரிச்சுது. அவளும் சிரிச்சா.

நான் என்ன தப்புப் பண்ணுனேன்? நீங்களே சொல்லுங்க தம்பி, இத்தனை நேரம் கேட்டீங்களே. அப்பவே கண்ணைத் தெறந்து, நான் என்னடி தப்புப் பண்ணுனேன்னு அவளைக் கேட்டிருக்கோணும்.

தெறக்கலை.